குடிகாரர் வீட்டுக் கதையைச் சிரிக்கச் சிரிக்க எழுத முடியுமா?

கேள்வி, 18.04.2025

"வெளிநாட்டில் குடியால் சிதைந்த குடும்பம், முகம் பார்க்காத அண்ணன் தம்பி, மாத்திரைக்கு அடிமையான அம்மா என்று வைத்துக்கொண்டே வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும் நாவல்கள் எழுதுகிறார்கள். நமக்கு அது ஒட்டாது. நம்மூரில் குடி என்றால் தாலி அடகுக்குப் போவது, பிள்ளை படிப்பு நிற்பது. அதில் சிரிக்க என்ன இருக்கிறது? ராமநாதபுரம் கடற்கரைக்காரர் யாராவது இருந்தால் மறுத்துப் பாருங்கள்."

19.04.2025, இரவு 9.40

மறுக்கிறேன். மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்கும், ஐஸ் கேட்க ஆள் வராது. வருடத்தில் நான் நாவல் படிக்கும் பருவம் இதுதான். வாசிப்பில் ஆழம் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் வீட்டு விஷயத்தைச் சொல்கிறேன். அப்பாவும் சித்தப்பாவும் பதினோரு வருடமாகப் பேசுவதில்லை. சித்தப்பா குடிப்பார். அதுதான் காரணம். ஆனால் இருவருக்கும் தொழில் ஒரே வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில். அப்பா பின்னால் என்ஜின் பக்கம், சித்தப்பா முன்னால் அணியத்தில், நடுவில் என் அத்தை மகன், வயது பத்தொன்பது. அவன் வலை இழுக்க வந்தவன்தான். இப்போது அவனுக்குப் பெரிய வேலை மொழிபெயர்ப்பு.

"அவன்கிட்ட வலையைத் தளர்த்தச் சொல்லு."

"சின்ன மாமா, தளர்த்தணுமாம்."

"அவுககிட்ட சொல்லு, நான் அப்பவே தளர்த்திட்டேன். கண்ணு தெரியலைன்னா கரையில இருக்கச் சொல்லு."

"மாமா, தளர்த்திட்டாராம்."

இரண்டாவது வாக்கியத்தை அவன் கடலில் போட்டுவிட்டான், பார்த்தீர்களா? அவன் செய்வது மொழிபெயர்ப்பு மட்டும் இல்லை, தணிக்கையும்தான். அண்ணன் மேல் அத்தனை கோபத்திலும் சித்தப்பாவுக்கு 'அவுக' என்கிற மரியாதை மட்டும் வாயை விட்டுப் போகவில்லை. அப்பாவுக்கு அவர் எப்போதும் 'அவன்'.

ஒருநாள் பையன் கல்யாணத்துக்குப் போய்விட்டான். இருவர் மட்டும் கடலில். வல்லத்தில் வேளாங்கண்ணி மாதா படம் ஒட்டியிருக்கும். அப்பா அந்தப் படத்தைப் பார்த்து, "மாதாவே, இந்த நங்கூரத்தை யாராவது தூக்கினா நல்லா இருக்கும்" என்றாராம். சித்தப்பாவும் மாதாவிடமே பதில் சொன்னாராம், கை இரண்டும் கயிற்றில் மாட்டியிருக்கிறது என்று. எனக்கு இதைச் சொன்னவர் சித்தப்பா. சொல்லும்போது அவர் நிதானத்தில் இல்லை, ஆனாலும் நம்புகிறேன்.

நாளைக்கு ஈஸ்டர். சாம்பல் புதன் மார்ச் 5 வந்தது, அன்றிலிருந்து சித்தப்பா தொடவில்லை. வீட்டில் இன்று எல்லாரும் மெதுவாக நடக்கிறோம்.

19.04.2025, இரவு 11.15

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். "தொடவில்லை" என்பது சரியில்லை. தவக்காலத்து நாற்பது நாளில் ஞாயிற்றுக்கிழமைகள் சேராது, சேர்த்தால் நாற்பத்தாறு வரும். இதை ஊரில் சரியாகத் தெரிந்து வைத்திருப்பவர் பங்குச் சாமியாரும் எங்கள் சித்தப்பாவும்தான். ஞாயிறு தோறும் அவர் கணக்கில் தவக்காலம் இல்லை.

20.04.2025

ஈஸ்டர். அதோடு ஞாயிறு. விவரம் வேண்டாம்.

22.04.2025

சரி, நாவலுக்கு வருவோம். ஜான் கென்னடி டூல் எழுதிய 'எ கான்ஃபெடரஸி ஆஃப் டன்சஸ்'. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் ஊர்க் கதை. முப்பது வயது மகன் வீட்டிலேயே கிடந்து உலகத்தைத் திட்டிக்கொண்டிருப்பான், அம்மா அடுப்புக்குள் பாட்டிலை ஒளித்து வைத்துக் குடிப்பாள். எழுதியவர் 1969இல் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய அம்மா கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு ஆள் ஆளாக அலைந்து, கடைசியில் வாக்கர் பெர்சி என்கிற எழுத்தாளரைப் படிக்க வைத்து, 1980இல் புத்தகம் வந்தது. 1981இல் புலிட்சர் பரிசு. மகன் எழுதியதில் அம்மா பாத்திரம் கேலிக்கு ஆளாகிறாள். அந்தக் கேலியை ஊர் ஊராகச் சுமந்தது ஓர் அம்மா. இதை நினைத்துக்கொண்டு படித்தால் சிரிப்பு பாதியில் தொண்டையில் நிற்கும், ஆனாலும் வரும்.

அடுப்புக்குள் பாட்டில் என்று படித்ததும் எனக்கு அரிசி டிரம் ஞாபகம் வந்தது. ஒருமுறை அம்மா சித்தப்பாவின் பாட்டிலை வலைக்குவியலுக்கு அடியில் கண்டெடுத்தாள். கொட்டவில்லை. காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட அவளுக்கு மனசு வராது. அதை விடப் பத்திரமான இடம் என்று அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். அது சித்தப்பாவின் பழைய ஒளிப்பிடம். இரண்டு நாள் கழித்து அவர் ஏதோ யோசனையில் டிரம்முக்குள் கைவிட்டிருக்கிறார். "எப்பவோ வெச்சது, மறந்தே போச்சு" என்று என்னிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அன்றைக்கு அம்மா வடித்த சோற்றில் பிராந்தி வாசம் அடித்ததாக அப்பா சாதித்தார். மூடியெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

24.04.2025

வெளியூர் நண்பர் ஒருவர் கேட்கிறார்: குடிகாரர் தள்ளாடுவதையும் உளறுவதையும் நம் சினிமா ஆயிரம் தடவை காட்டிவிட்டதே, அது நகைச்சுவை இல்லையா என்று.

அது வேறு சிரிப்பு. குடித்தவனைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். நான் சொல்வது குடிக்காதவர்களைப் பற்றி. ஒரு வீட்டில் ஒருவர் குடித்தால் மற்ற ஐந்து பேரும் அதையே தொழிலாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒளிப்பது, மோப்பம் பிடிப்பது, பொய் சொல்வது, சொன்ன பொய்யை இன்னொருவர் பொய்யோடு ஒத்துப்போகப் பார்த்துக்கொள்வது. நல்ல நாவலாசிரியனுக்கு வேலை அங்கேதான்.

பாம்பன் பழைய ரயில் பாலத்தில் ஒரு காற்றுமானி இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிவப்பு விழுந்து ரயில் நின்றுவிடும். (புதுப் பாலம் இந்த மாதம் 6ஆம் தேதி திறந்தார்கள். கூட்டத்தில் சித்தப்பாவும் போய்க் கொடி ஆட்டினார், தவக்காலத்து ஞாயிறு.) எங்கள் வீட்டில் அந்தக் காற்றுமானி என் தங்கை. அவளுக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். சித்தப்பா டிவிஎஸ் வண்டியை நிறுத்தும் சத்தத்தில் சொல்லிவிடுவாள். ஸ்டாண்ட் ஒரே உதையில் விழுந்தால் ஒன்றும் இல்லை. இரண்டு உதை என்றால் கட்டிங். மூன்றாவது உதை தரையில் பட்டால், எதுவும் பேசாமல் பாடப் புத்தகத்தைப் பாயின் அடியில் தள்ளிவிட்டுத் தூங்குகிற மாதிரிப் படுத்துக்கொள்வாள். வண்டியே கீழே விழுகிற சத்தம் கேட்டால் நிம்மதி. வாசலோடு சரி, அன்றைக்கு உள்ளே வரமாட்டார்.

27.04.2025

தூங்குகிற மாதிரிப் படுப்பது பற்றி எழுதியதும் பரோட்டா பற்றி மூன்று பேர் எழுதிவிட்டார்கள். தொண்டிக்காரர், வாலிநோக்கத்துக்காரர், கீழக்கரைக்காரர். மூன்று பேர் வீட்டிலும் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பிப் பரோட்டா ஊட்டிய ஒரு ஆள் இருந்திருக்கிறார். சால்னா பொட்டலம் சட்டைப் பையில் கசிந்து, கண் தண்ணீராக ஓடி, "உங்களுக்காகத்தாண்டா" என்று ஆரம்பிக்கும் பேச்சு. அந்தப் பரோட்டாவின் ருசி பகலில் எந்தக் கடையிலும் கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஃபிராங்க் மெக்கோர்ட் எழுதிய 'ஏஞ்சலாஸ் ஆஷஸ்' நாவலில் (1996) இதே ஆள் அயர்லாந்தில் வருகிறார். உதவித்தொகையைக் குடித்துவிட்டு நடுராத்திரியில் வந்து, பையன்களை எழுப்பி வரிசையாக நிற்க வைத்து, அயர்லாந்துக்காக உயிரைக் கொடுப்போம் என்று சத்தியம் வாங்குவார். பையன்களுக்குப் பசி. நம் ஆள் எவ்வளவோ மேல், பரோட்டாவாவது வாங்கி வந்தார்.

28.04.2025

சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. அது நாவல் இல்லை, நினைவுக் குறிப்பு. தன் சொந்தப் பிள்ளைப் பருவத்தை எழுதியிருக்கிறார். புலிட்சரும் வாழ்க்கை வரலாற்றுப் பிரிவில்தான் கிடைத்தது. ஆனால் எனக்கு அந்த வித்தியாசம் அவ்வளவாகப் பிடிபடுவதில்லை. எங்கள் வீட்டில் ஒரே சம்பவத்துக்கு நாலு கதை உண்டு, நாலும் நினைவுக் குறிப்புதான்.

01.05.2025

மே தினம், மதுக்கடை அடைப்பு. நேற்று ராத்திரி அங்கே நின்ற கூட்டத்தைப் பார்த்திருந்தால் இன்று உலகம் முடியப்போகிறது என்று நினைத்திருப்பீர்கள். வருடத்தில் இப்படிச் சில நாள்தான் அடைப்பு. திருவள்ளுவர் தினமும் அதில் ஒன்று, கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே பாடியவருக்குச் செய்கிற மரியாதை.

அந்த அதிகாரத்தில் 929ஆம் குறள் எங்கள் கரைக்கென்றே எழுதியது. குடித்தவனிடம் நியாயம் பேசித் திருத்தப் பார்ப்பது, தண்ணீருக்குள் முங்கினவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவது மாதிரி என்கிறார். ஒரு கையில் பந்தத்தோடு கடலுக்குள் இறங்கும் அந்த ஆளைக் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். பந்தம் அணைந்துவிடும், தேடுகிறவனும் நனைவான். வள்ளுவர் சிரிப்பது முங்கினவனைப் பார்த்து இல்லை, தேடப் போனவனைப் பார்த்து. நான் 24ஆம் தேதி இழுத்து இழுத்துச் சொன்னதை அவர் ஏழு சீரில் முடித்துவிட்டார்.

பெரியபட்டினத்தில் சங்கு குளிக்கிற மாமாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "அது அந்தக் காலம் மாப்ள. இப்ப தண்ணிக்குள்ள எரியுற டார்ச் வந்துருச்சு" என்றார்.

06.05.2025

மாமா இதைப் படித்துவிட்டார். டார்ச் இருந்தாலும் கலங்கல் தண்ணீரில் ஒரு முழம் தாண்டித் தெரியாது என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

சினிமாவில் குடிக்கிற காட்சி வந்ததும் கீழே வரும் எச்சரிக்கையை என் மகன் எழுத்துக்கூட்டிப் படித்தான். "குடி குடியைக் கெடுக்கும்." அப்புறம் கேட்டான்: "எந்தக் குடி எந்தக் குடியைப்பா?" தியேட்டரில் முன்வரிசையில் இருந்தவர் திரும்பி, "அதாம்பா எனக்கும் புரியலை" என்றார். அவரிடமிருந்து வாசம் வந்தது.

11.05.2025

நேற்றுதான் 'தி கரெக்ஷன்ஸ்' முடித்தேன். ஜோனாதன் ஃபிரான்சன், 2001. நடுத்தர அமெரிக்காவில் வயதான தாய் தகப்பன், தகப்பனுக்குப் பார்க்கின்சன் நோய். மூன்று பிள்ளைகளும் தூரத்து ஊர்களில். கடைசியாக ஒரே ஒரு கிறிஸ்துமஸ், எல்லாரும் வீட்டுக்கு வந்தால் போதும் என்று அம்மா படும் பாடுதான் கதை. கப்பலில் உல்லாசப் பயணம் போன இடத்தில் அந்த அம்மாளுக்கு ஒரு மாத்திரை கிடைத்து அதில் சுகம் கண்டுவிடுகிறாள்.

பெரிய நாவல்தான். ஆனால் படிக்கப் படிக்க எனக்கு ஒரு எரிச்சல். அவர்களுக்கு உறவு அறுவது என்றால் விமான தூரம். போனை எடுக்காவிட்டால் போதும். ஒன்று சேர்ப்பதற்குத்தான் பாடு. இங்கே யாரும் எங்கேயும் போவதில்லை. பேச்சு அறுந்தவனை விடிந்தால் ஏலத்தில் பார்க்க வேண்டும், மத்தியானம் கிணற்றடியில், சாயங்காலம் கோயிலில் சமாதானம் சொல்லும் நேரத்தில். பூசையில் "ஒருவருக்கொருவர் சமாதானத்தை அறிவிப்போம்" என்று சாமியார் சொன்னதும் அப்பா இடப்பக்கம் திரும்பிக் கும்பிடுவார், சித்தப்பா வலப்பக்கம். பதினோரு வருடமாகப் பின்வரிசைக்கு அவர்கள் முதுகுதான் தெரியும்.

ஆகவே கேள்வி கேட்டவரின் ஒரு பாதியை ஒத்துக்கொள்கிறேன். அந்த அச்சு நமக்கு ஒட்டாது. தூரத்தில் இருப்பவர்களைக் கூட்டி வருவது அவர்கள் கதை. நமக்கு, ஒரே வல்லத்தில் இருந்துகொண்டே எப்படித் தூரமாக இருப்பது என்பதுதான் கதை. இதை எழுத முப்பதடி நீளமும் ஒரு என்ஜினும் ஒரு மொழிபெயர்ப்பாளனும் போதும்.

(அம்மாவின் மாத்திரைக்கு நிகராக எங்கள் அம்மாவுக்கு என்ன என்று யோசித்தேன். பொயிலை. அதை யாரும் கெட்ட பழக்கமாகக் கணக்கில் எடுப்பதில்லை. தீர்ந்துபோன அன்று வீட்டில் நடப்பதைப் பார்த்தால் சித்தப்பா பரவாயில்லை.)

15.05.2025

ஏர்வாடி பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

2001 ஆகஸ்ட் 6. தர்கா இருக்கும் ஊர், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கீற்றுக் கொட்டகையில் தீ. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள். எனக்கு அப்போது பதினேழு வயது. அதற்கு முந்தைய வருடம் எங்கள் அத்தை, சித்தப்பாவை "ஏர்வாடியில கொண்டுபோய் விட்டுடலாமா" என்று சோறு பரிமாறிக்கொண்டே கேட்டிருந்தாள். யாரும் பதில் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தீ பற்றிய செய்தி வந்த அன்று அத்தை அவருக்கு இரண்டு துண்டு மீன் அதிகம் வைத்தாள்.

இதில் எனக்குச் சிரிப்பு வராது. அந்த இரண்டு துண்டு மீனை எழுதத் தெரிந்தவன் எழுதினால் படிப்பேன்.

19.05.2025

லேசாக ஒன்று. அப்பத்தா வருடங்களைச் சொல்வது கடையை வைத்துத்தான். 1971 "கடை திறந்த வருசம்", 1974 "கடை மூடின வருசம்", 1981 "மறுபடி திறந்த வருசம்". இடைப்பட்ட மதுவிலக்கு ஏழு வருடமும் தாத்தா தங்கமாக இருந்தார் என்பது அவள் கட்சி. தாத்தாவின் கூட்டாளி ஒருவர் சாகும் முன் எங்களிடம் சொன்னார்: அந்த ஏழு வருடமும் தாத்தா ஒருநாள்கூட விட்டதில்லை, கருவேலங்காட்டுக்குள் இரண்டு மைல் நடந்து போய்க் குடித்துவிட்டு, நடந்து திரும்புவதற்குள் தெளிந்துவிடுவாராம். அப்பத்தாவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், "அதான், தெளிஞ்சு வந்தாருல்ல" என்றிருப்பாள்.

21.05.2025

குடிப்பவர்கள் கூடிப் பேசும் குழுக்கள் பற்றி ஒருவர் கேட்டதற்கு: ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவைச் சிகிச்சை டாக்டரும் தொடங்கியது. பெயர் சொல்ல வேண்டியதில்லை என்பது அதன் அடிப்படை. சித்தப்பா ஒருமுறை போனார். உள்ளே இருந்த ஒன்பது பேரில் ஆறு பேர் சொந்தக்காரர்கள், ஒருவருக்கு இவர் வலை பாக்கி தர வேண்டும். பெயரைச் சொல்லாமல் "நான் ஒரு குடிகாரன்" என்று எழுந்து நின்றதும், "உட்காரு, தெரியும்" என்று குரல் வந்ததாம்.

குடிப்பவரின் வீட்டாருக்கென்று தனிக் குழு 1951இல் வந்தது, அல்-அனான். தரகரின் மனைவி லோயிஸ் தொடங்கியவர்களில் ஒருவர். சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையை 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கினார், குடியால் கணவரை இழந்தவர். அங்கேயும் வீட்டாரை உட்கார வைத்துப் பேசுவது சிகிச்சையில் ஒரு பகுதி. வீட்டாருக்கும் ஏதோ பிடித்திருக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள் நாவலாசிரியர்கள் இல்லை, வீட்டுக்காரிகள்.

25.05.2025, அதிகாலை 3

தூக்கம் வரவில்லை. 19ஆம் தேதி, முதல் குறிப்பில், "சித்தப்பா குடிப்பார். அதுதான் காரணம்" என்று எழுதினேன். அதை எடுத்துவிடலாம் என்று போனேன், அப்புறம் விட்டுவிட்டேன். இங்கே எழுதுகிறேன்.

வல்லத்தின் கணக்கு நோட்டு என் கையில்தான் இருந்தது. ராத்திரி அப்பா சொல்லச் சொல்ல எழுதுவேன். மண்ணெண்ணெய், வலை, ஐஸ், சாப்பாடு, அப்புறம் கடைசியில் ஒரு வரி, "சின்னவன் குடிச்செலவு". போன வாரம் பரணில் பழைய நோட்டு கிடைத்தது. 2013, இறால் நன்றாக விழுந்த ஒரு மாதம். அந்த வரியை மட்டும் கூட்டிப் பார்த்தேன். 21,600 ரூபாய்.

அன்றைக்கு ஒரு குவாட்டர் ஏறக்குறைய எண்பது. மாதத்துக்கு 270 குவாட்டர். ஒரு நாளைக்கு ஒன்பது. ஒன்றரை லிட்டருக்கு மேல், விடுமுறை இல்லாமல். யானையே படுத்துவிடும். சித்தப்பா அந்த மாதம் இருபத்திரண்டு நாள் கடலுக்குப் போயிருக்கிறார், அதுவும் அதே நோட்டில் இருக்கிறது.

மீதிப் பணம் எங்கே போனது என்பது எனக்கு அப்போதே தெரியும். தமிழ்நாட்டில் லாட்டரியை 2003இல் தடை செய்தார்கள். தடை செய்த பிறகும் மூணு நம்பர் சீட்டு விற்கிற ஆள் பஸ் ஸ்டாண்டு பக்கம் நிற்பான். அப்பா வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. தினமும் சாயங்காலம் மூன்று நம்பர் எழுதினார். அடுத்த வருடம் வல்லத்தை அடகிலிருந்து மீட்க முடியாமல் போனபோது, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அப்பா அந்த நோட்டை எடுத்துக் காட்டினார். என் கையெழுத்து. சித்தப்பா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "இவ்வளவு குடிச்சிருக்கேனா?" உண்மையாகவே கேட்டார். அவருக்கே நிச்சயமில்லை. கூட்டம் சிரித்தது, நானும்.

அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சு இல்லை. வீட்டில் எந்த நஷ்டம் வந்தாலும் அவர் பேரில் பற்று எழுதிப் பழகிவிட்டோம். கணக்கு டாலியாகிவிடும்.

26.05.2025

"சித்தப்பாவைப் புனிதராக்குகிறீர்கள்" என்று ஒருவர். இல்லை. நாளைக்கு ஒன்றோ இரண்டோ அவர் குடித்தது நிஜம். வேறு விஷயங்களும் நிஜம். ஒன்று இன்றைக்குத் தெரிந்தது, அல்லது தெரிந்திருந்ததை இன்றைக்குக் கேட்டேன்.

தங்கைக்குத் தொண்டியில் கல்யாணமாகி இருக்கிறாள். யாரோ இதையெல்லாம் அவளுக்கு அனுப்பிவிட்டார்கள். போன் செய்தாள். காற்றுமானி நன்றாக இருக்கிறதாம். பரோட்டா நன்றாக இருக்கிறதாம். அப்புறம் சொன்னாள்: "நீ சிரிக்கலாண்ணே. உன் காதுல ஒண்ணும் கிடக்கலையே."

பத்தாம் வகுப்பு படிக்கும்போது அவள் தூங்கிக்கொண்டிருக்க, அவள் கம்மலைக் கழற்றிக்கொண்டு போய் அடகு வைத்தவர் சித்தப்பா. அவள் தூங்கவில்லை. தூங்குகிற மாதிரிப் படுத்திருந்தாள். அவர் கை நடுங்கியதாம், திருகாணியைக் கழற்ற வெகு நேரம் ஆனதாம். ஒரு காது முடிந்ததும், மறுபக்கம் வசதியாக இருக்கட்டும் என்று இவளே தூக்கத்தில் புரள்வது போலத் திரும்பிக் கொடுத்தாளாம்.

இதைச் சொல்லிவிட்டு அவள்தான் முதலில் சிரித்தாள். எனக்கு வரவில்லை.

நான் ஒரு மாதமாக வாதாடியதெல்லாம் சரியா தப்பா என்று தெரியவில்லை. நாவலை எழுத வேண்டியவன் நான் இல்லை என்பது மட்டும் தெரிகிறது. அவளிடம் எழுதச் சொன்னேன். "மூணு பிள்ளைக்குச் சோறு யாரு பொங்குறது" என்றாள்.

02.06.2025

தடைக்கால நிவாரணம் பற்றிக் கேட்டவருக்கு: முன்பு ஐயாயிரம், இப்போது குடும்பத்துக்கு 8,000. குடும்பம் என்றால் என்ன என்பதில்தான் எங்கள் வீட்டு ரகளை. சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை, அடுப்பு தனி, வாசல் தனி. ரேஷன் கார்டு மட்டும் ஒன்று. பிரிக்க வேண்டுமென்றால் இருவரும் சேர்ந்து போய் மனு கொடுக்க வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சேர்ந்து போகமாட்டார்கள், அதனால் சேர்ந்தே இருக்கிறார்கள்.

தடை விசைப்படகுக்குத்தானே, வல்லம் கடலுக்குப் போகலாமே என்று இன்னொருவர் கேட்டார். ஆமாம், நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. கச்சான் காற்று ஓங்கி அடிப்பதால் ஒரு வாரமாகக் கரையில் ஏற்றிப் பலகை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

08.06.2025

ஒன்று விட்டுப்போனது. 25ஆம் தேதி எழுதியதை அச்செடுத்துச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி இல்லை, நீயே படி என்றார். படித்தேன். ஒன்பது குவாட்டர் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார். "நோட்டு இருக்கா?" இருக்கிறது என்றேன். "எரிச்சுரு. அவுக பார்த்தா சங்கடப்படுவாக."

எரிக்கவில்லை.

14.06.2025

இன்று நள்ளிரவோடு தடை முடிகிறது. ஐஸ் கம்பெனியில் மூன்று நாளாக மெஷின் ஓடுகிறது. இனிமேல் இங்கே எழுத நேரம் இருக்காது. கேட்டவருக்குப் பதில் கிடைத்ததா என்று தெரியவில்லை, அவரும் மே மாதத்திலிருந்து காணோம்.

காலையில் வல்லத்தைத் தண்ணீரில் இறக்கினார்கள். பன்னிரண்டு பேர் தோள் கொடுத்தோம். மொழிபெயர்ப்பாளன் சக்கரக் கட்டைக்கு அடியில் குனிந்திருந்தான். வல்லம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அந்தப் பக்கம் சித்தப்பா. அப்பா கத்தினார்:

"டேய், காலை எடுடா!"

எடுத்துவிட்டார். வல்லம் அவர் நின்ற இடத்தில் உட்கார்ந்தது. யாரும் அசையவில்லை. மாமா என்னைப் பார்த்தார், நான் அத்தை மகனைப் பார்த்தேன். அப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினார்.

"காலை எடுக்கச் சொன்னேன்னு சொல்லு."

"சின்ன மாமா, காலை எடுக்கணுமாம்."

"எடுத்துட்டேன்னு சொல்லு."